எவரெஸ்ட்டில் முதலில் கால் வைத்தது யார்? டென்சிங் நார்கேயைத் துரத்திய கேள்வியும், அவர் சொன்ன பதிலும்

1953-ம் ஆண்டு மே 29. காலை 11.30 மணி. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர், நியூசிலாந்தில் தேனீ வளர்த்து வந்த எட்மண்ட் ஹிலாரி. இன்னொருவர், டார்ஜீலிங்கில் இருந்து போன ஷெர்பா டென்சிங் நார்கே. அவர்கள் அங்கே இருந்தது வெறும் 15 நிமிடம்தான்.

ஆனால், கீழே இறங்கியதும் ஆரம்பித்த ஒரு கேள்வி டென்சிங்கை லேசில் விடவில்லை. ரெண்டு பேர்ல யார் முதலில் கால் வைத்தது?

இதற்கு அவரே ஒருநாள் பதில் சொன்னார். அந்தப் பதிலால் அவருக்குக் கிடைக்கப்போகும் லாபம் எதுவும் இல்லை. இருந்தும் ஏன் சொன்னார்? அதைப் புரிந்துகொள்ள, அவர் அந்த மலைக்கு முதன்முதலில் எப்படிப் போனார் என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த தேதியே தெரியாதவர்

டென்சிங் பிறந்தது 1914-ல். மே மாதக் கடைசி என்பதுகூட, அப்போது இருந்த வானிலையையும் பயிர்களையும் வைத்துப் போட்ட கணக்குதான். சரியான தேதி தெரியாது. அதனால் எவரெஸ்ட்டில் ஏறிய மே 29-ஐயே பிற்காலத்தில் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்.

பிறந்த ஊர் பற்றியும் இரண்டு கருத்து உண்டு. நேபாளத்தின் கும்பு பகுதி என்பார்கள். எவரெஸ்ட்டுக்குக் கிழக்கே, திபெத்தில் உள்ள கார்த்தா பள்ளத்தாக்கு என்பார்கள். எதுவாக இருந்தாலும், அவர் அந்த மலையின் நிழலில் வளர்ந்தவர். ஷெர்பாக்கள் அதை எவரெஸ்ட் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது சோமோலுங்மா.

அப்பா யாக் மேய்ப்பவர். 13 பிள்ளைகளில் டென்சிங் 11-வது. முதலில் வைத்த பெயர் நாம்கியால் வாங்டி. ஒரு லாமா சொன்னதால் டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், வேலைக்குப் போன இடங்களில் காதால் கேட்டே பல மொழிகள் பேசப் பழகிக்கொண்டார்.

'ஷெர்பா' என்றால் சுமை தூக்குபவரா?

இல்லை. ஷெர்பா என்பது வேலையின் பெயர் அல்ல, ஓர் இனத்தின் பெயர். தலைமுறை தலைமுறையாக இமயமலையின் உயரத்தில் வாழ்கிற மக்கள். காற்றில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் இடங்களில் வேலை செய்ய அவர்களது உடல் பழகியது. அதனால்தான் வெளிநாட்டு மலையேற்றக் குழுக்கள் அவர்களைத் தேடி வந்தன.

எவரெஸ்ட்தான் உலகின் உயரமான சிகரம் என்பது 1852-ல் இந்திய நில அளவைத் துறையின் கணக்கில் தெரியவந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். மீட்டரில் சொன்னால் சுமார் 8,840. கடைசியாக 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு, தூரத்தில் இருந்தே அளந்தவர்களின் கணக்கில் வித்தியாசம் 10 மீட்டருக்கும் குறைவு!

மலையில் ஏறும் முயற்சி 1921-ல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1922-ல், பனிச்சரிவில் சிக்கி ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே சுமை தூக்கப் போனவர்கள். 1924-ல் உச்சிக்கு அருகே மாயமான ஜார்ஜ் மல்லோரி, ஆண்ட்ரூ இர்வின் ஆகியோரின் பெயர்கள் உலகம் முழுக்கத் தெரியும். அந்த ஏழு பேரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

டென்சிங் வளர்ந்தது இப்படி ஒரு காலத்தில்தான்.

ஒரு சிரிப்பால் கிடைத்த வேலை

அன்று நேபாளம் வெளிநாட்டு மலையேற்றக் குழுக்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. டார்ஜீலிங்கில் ஆள் சேர்த்து, சிக்கிம் வழியாகத் திபெத்துக்குள் போய், வடக்குப் பக்கத்தில் இருந்துதான் எவரெஸ்ட்டில் ஏற முடியும். அதனால் வேலை தேடும் ஷெர்பாக்கள் எல்லாம் டார்ஜீலிங்குக்கு வந்தார்கள். 1932-ல், 18 வயதில், டென்சிங்கும் வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே வந்து சேர்ந்தார்.

1933-ல் ஒரு பிரிட்டிஷ் குழு ஆள் எடுத்தபோது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1935-ல் எரிக் ஷிப்டன் என்ற மலையேற்ற வீரர் வந்தார். மலை அனுபவத்துக்கான சான்றிதழ் எதுவும் டென்சிங்கிடம் இல்லை. வரிசையில் நின்றவர்களில் இவருடைய சிரிப்பு ஷிப்டனின் கண்ணில் பட்டது. வேலை கிடைத்துவிட்டது. சுமை தூக்கும் வேலைதான்.

1936-ல் மறுபடியும் போனார். 1938-ல் 8,200 மீட்டருக்கும் மேலே இருந்த முகாம் வரை சுமையோடு ஏறினார். அதற்காக 'புலி' பதக்கம் கொடுத்தார்கள். உயரமான முகாம்களில் அசாத்தியமாக வேலை செய்த ஷெர்பாக்களுக்குக் கிடைக்கும் கௌரவம் அது.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. 1939-ல் நான்கு வயது மகன் இறந்தான். இரண்டாம் உலகப் போரின்போது மலையேற்றக் குழுக்கள் வருவது நின்றது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில், ராணுவ அதிகாரிகளின் உணவகத்தில் வேலை பார்த்தார். 1944-ல் அங்கேயே மனைவி தாவா புட்டியும் இறந்துபோனார். இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு டார்ஜீலிங் திரும்பினார் டென்சிங். பிறகு ஆங் லாமுவைத் திருமணம் செய்துகொண்டார்.

1947-ல் ஏர்ல் டென்மன் என்ற தனி மனிதர் வந்தார். அனுமதி இல்லை, போதுமான பணம் இல்லை, நல்ல கருவிகளும் இல்லை. திருட்டுத்தனமாகத் திபெத்துக்குள் நுழைந்து எவரெஸ்ட்டில் ஏறலாம் என்றார். இது நடக்காத காரியம் என்று டென்சிங்குக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் கிளம்பிவிட்டார். புயல் அடித்துத் திரும்பி வந்தார்கள். கூலிக்காக மட்டும் போகிறவர் அந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

மெழுகுவர்த்தியில் உருகிய பனி

1950-ல் நிலைமை தலைகீழானது. திபெத் வழி மூடியது, நேபாள வழி திறந்தது. 1952-ல் தெற்குப் பக்கமாக சுவிட்சர்லாந்து குழு வந்தது. டென்சிங்கின் வாழ்க்கையில் இதுதான் முக்கியமான திருப்பம். ஷெர்பாக்களுக்குத் தலைவர் என்பதோடு, அவரைத் தங்களுக்குச் சமமான மலையேற்ற வீரராகவும் அந்தக் குழு சேர்த்துக்கொண்டது.

அந்த மே மாதத்தில் டென்சிங்கும் ரேமண்ட் லாம்பெர்ட்டும் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். போர்த்திக்கொள்ள உறக்கப்பை இல்லை. அடுப்பு இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாது. தூங்கினால் உறைந்துவிடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டித் தட்டியே விடிய வைத்தார்கள்.

மறுநாள், மே 28 அன்று, சுமார் 8,595 மீட்டர் வரை போனார்கள். அதுவரை அவ்வளவு உயரம் ஏறித் திரும்பியவர்கள் கிடையாது. உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 250 மீட்டர்தான். உடம்பு ஒத்துழைக்கவில்லை. போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று புரிந்து இறங்கிவிட்டார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மறுபடி முயன்றார்கள். குளிரும் காற்றும் விரட்டிவிட்டன.

லாம்பெர்ட் தன் சிவப்புத் துண்டு ஒன்றை டென்சிங்கிடம் கொடுத்தார். அடுத்த வருடம் உச்சியில் டென்சிங்கின் கழுத்தில் இருந்தது அந்தத் துண்டுதான்.

கார் ஷெட்டில் தங்க வைக்கப்பட்டவர்கள்

1953-ல் ஜான் ஹன்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. 362 சுமை தூக்குவோர், 20 ஷெர்பாக்கள், சுமார் 4,500 கிலோ சரக்கு. ஷெர்பாக்களின் தலைவர், மலையேறும் குழுவில் ஓர் உறுப்பினர் என டென்சிங்குக்கு இரண்டு பொறுப்பு. எவரெஸ்ட்டுக்கு இது அவருடைய ஏழாவது பயணம்.

காத்மாண்டுவில் முதல் நாளே பிரச்சினை. பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குத் தூதரகத்தில் அறை கொடுத்தார்கள். ஷெர்பாக்களுக்கு, முன்பு குதிரை லாயமாக இருந்த ஒரு கார் ஷெட். கழிப்பறைகூட இல்லை. கொதித்துப்போன ஷெர்பாக்கள், மறுநாள் காலை தூதரகத்துக்கு எதிரிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று சமாதானம் பேச வேண்டியவர் டென்சிங்.

மலைக்குப் போன பிறகு, ஒருநாள் பனிப்பிளவு ஒன்றில் ஹிலாரி விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் சட்டெனக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். அதன்பிறகுதான் இந்த ஜோடி மீது எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

முதல் வாய்ப்பு டாம் போர்டில்லன், சார்லஸ் எவன்ஸ் ஜோடிக்குத்தான் கிடைத்தது. மே 26 அன்று அவர்கள் உச்சிக்கு 100 மீட்டர் கீழே வரை போய், ஆக்சிஜன் கருவிக் கோளாறாலும் களைப்பாலும் திரும்பினார்கள். அடுத்து ஹிலாரியும் டென்சிங்கும்.

மே 28 இரவு சுமார் 8,500 மீட்டரில் கூடாரம். கழற்றி வைத்த ஹிலாரியின் பூட்ஸ் காலையில் கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. டென்சிங் தன் பூட்ஸைப் போட்டபடியே படுத்திருந்தார். மலையோடு பழகியவரின் முன்யோசனை அது! காலை 6.30-க்குக் கிளம்பினார்கள். கடைசியில் குறுக்கே நின்ற சுமார் 12 மீட்டர் பாறைச் சுவரையும் தாண்டினார்கள். பிற்காலத்தில் அதற்கு 'ஹிலாரி ஸ்டெப்' என்று பெயர் வந்தது.

உச்சியில் டென்சிங் தன் பனிக்கோடரியை உயர்த்திப் பிடிக்க, ஹிலாரி படம் எடுத்தார். கோடரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகிய நான்கு கொடிகள். உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தில் இருப்பது டென்சிங்தான். ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

சோமோலுங்மாவுக்குக் காணிக்கையாக டென்சிங் கொஞ்சம் இனிப்புகளைப் பனியில் புதைத்தார். கூடவே ஒரு சின்னப் பென்சில். மகள் நிமா கொடுத்து அனுப்பியது.

கீழே காத்திருந்த சண்டை

காத்மாண்டு திரும்பியபோது பெரிய கூட்டம். டென்சிங் உச்சியில் நின்று, கீழே கிடக்கும் ஹிலாரியைக் கயிறு கட்டி இழுப்பது போலப் பதாகைகள். அவர் எங்கள் நாட்டவர் என்று நேபாளத்தில் ஒரு பக்கம், இந்தியாவில் ஒரு பக்கம். எல்லைக் கோடுகளுக்கு முன்பே அந்த மலையில் வாழ்ந்தவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று சண்டை.

முதலில் ஏறியது யார் என்பது மானப் பிரச்சினை ஆனது. வெள்ளைக்காரர் முதலில் போனாரா, ஆசியர் முதலில் போனாரா? அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த நாடுகளில் இது சாதாரணக் கேள்வி இல்லை. சமாளிக்க முடியாமல், இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே உச்சியை அடைந்தோம் என்று ஓர் அறிக்கையில் டென்சிங்கும் ஹிலாரியும் கையெழுத்துப் போட்டார்கள்.

விருதிலும் வித்தியாசம் இருந்தது. ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் பிரிட்டன் 'சர்' பட்டம் கொடுத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். டெல்லியில் பிரதமர் நேரு அவரை அன்போடு வரவேற்று, லண்டன் போவதற்குப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்ததோடு, தன் சொந்த உடைகளையும் கொடுத்து அனுப்பினார்.

டென்சிங் சொன்ன பதில்

1955-ல் ஜேம்ஸ் ராம்ஸே உல்மன் என்ற எழுத்தாளரின் உதவியோடு டென்சிங்கின் சுயசரிதை வெளிவந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகம். அதில் அவரே உண்மையை உடைத்தார். முதலில் உச்சியில் கால் வைத்தது ஹிலாரி. பின்னாலேயே தான். கயிற்றில் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி சுமார் 6 அடி.

மாற்றிச் சொல்லியிருந்தால் கொண்டாடக் கோடிக்கணக்கான பேர் தயாராக இருந்தார்கள். இரண்டாவதாகக் கால் வைத்ததில் தனக்கு வெட்கம் ஏதும் இல்லை என்பதுதான் அவர் நிலை. யோசிச்சுப் பாருங்க, ஒருவர் தடுக்கினால் இன்னொருவர் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் கயிற்றையே கட்டிக்கொள்கிறார்கள். அதில் முதல் ஆள், ரெண்டாவது ஆள் என்று பிரிப்பது கீழே இருப்பவர்களின் கணக்கு.

உண்மையில் அன்று நடந்த பெரிய மாற்றம் வேறு. எவரெஸ்ட்டுக்குச் சுமை தூக்கப் போன ஒருவர், 18 ஆண்டுகள் கழித்து அதே மலையின் உச்சியில் மலையேற்ற வீரராக நின்றார்.

அதன் பிறகு

1954 நவம்பரில் டார்ஜீலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் களப் பயிற்சி இயக்குநரானார். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்து பல இந்திய மலையேற்ற வீரர்களை உருவாக்கினார். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

1986 மே 9 அன்று டார்ஜீலிங்கில் காலமானார். அப்போது இந்தியாவுக்கான நியூசிலாந்து தூதராக இருந்தவர் யார் தெரியுமா? ஹிலாரி. நண்பருக்கு இறுதி மரியாதை செலுத்த அவரும் வந்திருந்தார். இன்று நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்துக்கு இருவர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

தன் பிள்ளைகள் எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று டென்சிங் ஆசைப்படவில்லை. நீங்கள் இந்தக் கஷ்டம் படக்கூடாது என்றுதான் நான் ஏறினேன் என்பது அவர் எண்ணம். ஆனாலும், அப்பா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1996 மே 23 அன்று, மகன் ஜாம்லிங் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். பெற்றோரின் படத்தை அங்கே வைத்தார். கூடவே, தன் கைக்குழந்தையின் கிலுகிலுப்பையையும்.

43 ஆண்டுகளுக்கு முன், அதே பனியில்தான் அவருடைய அப்பா தன் மகளின் பென்சிலைப் புதைத்திருந்தார்.