யார் இந்த நிகோலாய் அனிச்கோவ்? கொலஸ்ட்ரால் ஆபத்தை 1913-லேயே காட்டிய ரஷ்ய டாக்டர்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதல்ல தேடுவது கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதைத்தான். அந்த எண்ணுக்கு ஏன் பயப்படணும் என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் நிகோலாய் அனிச்கோவ். ஆனா, அவர் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் சந்தேகத்திலேயே கிடந்தது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், எலி!

யார் இவர்?

1885-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அங்குள்ள ராணுவ மருத்துவ அகாடமியில் படித்து 1909-ல் டாக்டரானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே நகரில் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்துப் பார்த்திருந்தார். முயல்களின் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயின. புரதம்தான் காரணம் என்று அவர் நினைத்தார்.

அனிச்கோவ் என்ன செய்தார்?

உணவில் எந்தப் பொருள் குற்றவாளி என்று தனியாகப் பிரித்துப் பார்த்தார். சக ஆய்வாளர் ஹலாடோவுடன் சேர்ந்து, சுத்தமான கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். வேறு சில முயல்களுக்கு வெறும் எண்ணெய் மட்டும். கொலஸ்ட்ரால் சாப்பிட்ட முயல்களின் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. எண்ணெய் மட்டும் சாப்பிட்டவற்றுக்கு ஒன்றும் ஆகலை. 1913-ல் முடிவுகள் வெளியாகின.

அப்புறம் ஏன் நம்பலை?

எலிக்கும் நாய்க்கும் இதே உணவைக் கொடுத்தால் ரத்தக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்குக் கொலஸ்ட்ரால் ஒத்துக்கொள்ளாது, மனிதனுக்கு இது பொருந்தாது என்று பலர் ஒதுக்கிவிட்டனர். அனிச்கோவ் தன் நாட்டில் பெரிய பொறுப்புகளுக்கு உயர்ந்தார். 1946 முதல் 1953 வரை சோவியத் மருத்துவ அறிவியல் அகாடமியின் தலைவராக இருந்தார். ஆனா, எலி ஏன் தப்பிக்குது என்ற கேள்விக்கு முழு விடை தெரியாமலேயே 1964-ல் லெனின்கிராடில் காலமானார்.

விடை எப்போது கிடைத்தது?

அவர் இறந்து சுமார் 10 ஆண்டுகள் கழித்து. அமெரிக்காவின் டல்லாஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் எல்டிஎல் ரிசெப்டர் என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். இது செல்லின் மேற்பரப்பில் கொக்கி மாதிரி நின்று, ரத்தத்தில் வரும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும். கல்லீரல்தான் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. இதற்காக 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எலியின் உடம்பு கெட்ட கொலஸ்ட்ராலை வேகமாக அகற்றிவிடுகிறது. இந்த ரிசெப்டர் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1993-ல் இந்த ரிசெப்டர் இல்லாத சுண்டெலிகளை விஞ்ஞானிகள் உருவாக்கினர். கொலஸ்ட்ரால் உணவு கொடுத்ததும் அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எகிறியது. ரத்தக் குழாய்களிலும் கொழுப்பு படிந்தது, அனிச்கோவின் முயல்களுக்கு நடந்த மாதிரியே!

இன்று என்ன பயன்?

சுண்டெலியின் அந்த ரிசெப்டர் மரபணுவை, ஆய்வகத்தில் வளரும் செல்களுக்குள் செலுத்தி, புரதத்தைத் தயாரித்துச் சுத்திகரித்து விற்கிறார்கள். ஒரு புதிய மருந்து அல்லது வேறொரு புரதம் ரிசெப்டருடன் எப்படி ஒட்டுகிறது என்று சோதிக்க இது உதவுகிறது. இது ஆய்வுக்கு மட்டும்தான், நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து இல்லை.

அனிச்கோவை மறுக்கக் காட்டிய அதே எலி இனம்தான், இன்று அவர் தொடங்கிய ஆய்வை முன்னே கொண்டுபோகிறது.