அடிமையாய்ப் பிறந்து அரசனுக்கு வழிகாட்டியவர்

எபிக்டெட்டஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு, வாங்கிச் சேர்க்கப்பட்டவன் என்று பொருள். ஓர் அடிமையின் பெயர் அது. வேறு பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. பெயரிலேயே அடிமைத்தனத்தைச் சுமந்த அந்த மனிதர்தான், மனக்கவலையை வெல்லும் வழியை உலகுக்குச் சொன்னார். இன்றைய மனநல மருத்துவமும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 50-ம் ஆண்டில் ஹைராபோலிஸ் என்ற ஊரில் அவர் பிறந்தார். இன்று அது துருக்கி நாட்டில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற பாமுக்கலேயில் உள்ளது. சிறு வயதிலேயே ரோமாபுரிக்குக் கொண்டு வரப்பட்டார். அவருடைய எஜமானர் எபாப்ரொடிட்டஸ், நீரோ மன்னனின் செயலாளர். ஒரு காலத்தில் அவரும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரே.

எபிக்டெட்டசுக்கு ஒரு கால் ஊனம். எஜமானர் காலை முறுக்கி ஒடித்து விட்டார் என்று ஒரு வரலாறு கூறுகிறது. வாத நோயால் வந்தது என்று மற்றொரு வரலாறு கூறுகிறது. எப்படியாயினும், ஆயுள் முழுவதும் அவர் நொண்டியபடியே நடந்தார்.

அடிமைக்குக் கிடைத்த ஆசான்

அடிமையாக இருந்த போதே, முசோனியஸ் ரூபஸ் என்ற தத்துவ ஞானியிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் விடுதலையும் கிடைத்தது. ரோமில் அவர் குடியிருந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லையாம். உள்ளே இருந்தது ஒரு படுக்கையும் பாயும் மட்டுமே.

அந்த வாழ்க்கையும் நிலைக்கவில்லை. சுமார் கி.பி. 90-ம் ஆண்டு வாக்கில், டொமிஷியன் மன்னன் தத்துவ ஞானிகளை ரோமை விட்டு வெளியேற்றினான். எபிக்டெட்டஸ் கடல் கடந்து, கிரேக்க நாட்டின் மேற்குக் கரையில் உள்ள நிக்கோபோலிஸ் நகருக்குப் போனார். பிறந்த ஊரும் இல்லை, வளர்ந்த ஊரும் இல்லை. போன இடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு கூடைகள்

அவர் போதித்தது மிக எளிய கணக்கு. நமக்கு வரும் எதையும் இரண்டு கூடைகளில் ஒன்றில் போடலாம். நம் எண்ணம், விருப்பு வெறுப்பு, நம் செயல் ஆகியவை ஒரு கூடை. இவை நம் கையில் உள்ளவை. உடல், சொத்து, பதவி, ஊரார் பேச்சு ஆகியவை மறு கூடை. இவை முழுவதும் நம் கையில் இல்லாதவை. இரண்டாவது கூடையில் உள்ளதை நம்முடையது என்று எண்ணி மல்லுக்கட்டும் போதுதான் மனம் புண்ணாகிறது என்பது அவர் முடிவு.

நடக்கும் சம்பவம் நம்மை வாட்டுவதில்லை, அதைப் பற்றி நாம் கொள்ளும் கருத்தே வாட்டுகிறது என்றும் அவர் விளக்கினார். மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது சம்பவம். வேலை போய்விடும் என்பது நாமே சேர்த்துக் கொண்ட கருத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பதே பாடம்.

பழகுவதற்குப் பயிற்சிகளும் தந்தார். பொதுக் குளியலறைக்குப் போகுமுன், அங்கே தண்ணீர் தெறிக்கும், இடிப்பார்கள், ஏசுவார்கள், திருட்டும் நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்துக் கொள்ளச் சொன்னார். அப்படிப் போனால் அங்கே நடப்பது எதுவும் அதிர்ச்சி தராது. கோபக்காரர்கள் கோபப்படாத நாட்களை எண்ணி வர வேண்டும், முப்பது நாள் தாண்டினால் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்த வேண்டும் என்றார்.

சொன்னதைத் தாமே செய்தும் காட்டினார். ஒரு நாள் இரவு அவர் வீட்டு இரும்பு விளக்கைத் திருடன் கொண்டு போனான். அவர் புலம்பவில்லை, மறுநாள் மண் விளக்குப் போதும் என்று முடிவு செய்தார். அவர் காலமான பின், அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 டிராக்மா கொடுத்து வாங்கினார். விளக்கை வாங்கினால் ஞானம் வந்து விடும் என்று நினைத்தாரோ என்று லூசியன் என்ற எழுத்தாளர் கேலி செய்திருக்கிறார்.

கல் நெஞ்சர் அல்லர்

இவ்வளவு பேசியவர் பாசமற்றவர் என்று எண்ணி விடக் கூடாது. நெடுங்காலம் தனியாக வாழ்ந்த அவர், முதுமையில் ஒரு குழந்தைக்குத் தந்தையானார். வறுமை காரணமாக அதை நண்பர் ஒருவர் கைவிடவிருந்தார். எபிக்டெட்டஸ் எடுத்து வளர்த்தார். வளர்ப்பதற்கு ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். உலகத்தின் துயரை மாற்ற முடியாது. ஆனால் ஒரு குழந்தையைக் காப்பது அவர் கையில் இருந்தது.

சுமார் கி.பி. 135-ல் அவர் காலமானார். ஒரு நூலும் அவர் எழுதவில்லை. அலெக்சாந்தரின் படையெடுப்பையும் இந்தியாவைப் பற்றியும் பின்னாளில் எழுதிய ஆரியன் அவருடைய மாணவர். அவர் எடுத்த குறிப்புகளே இன்று நூல்களாக உள்ளன. ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் இந்த அடிமையின் போதனைகளைப் படித்து அதன்படி நடக்க முயன்றார்.

இன்றைய மருத்துவத்தில்

1955-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிசும், 1960-களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக்கும் புதிய மனநல சிகிச்சை முறைகளை வகுத்தார்கள். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என இன்று வழங்குவது அவற்றிலிருந்து வளர்ந்ததே. அதன் வேர் எபிக்டெட்டஸ் போன்றோரிடம் இருப்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

முறை எளிது. மனம் பதறும் போது ஒரு தாளில் மூன்றை எழுத வேண்டும்: நடந்தது என்ன, மனதில் ஓடிய எண்ணம் என்ன, உண்டான உணர்ச்சி என்ன. பிறகு அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா, எதிரான ஆதாரம் உண்டா, வேறு விளக்கம் இருக்குமா என்று கேட்க வேண்டும். கடைசியாக, நம் கையில் உள்ள ஒரு சிறு காரியத்தை உடனே செய்ய வேண்டும். ஊரிலிருந்து கடிதமோ போனோ வராத கவலைக்கு, நாமே ஒரு போன் செய்வதே மருந்து.

அநியாயத்தைச் சகித்துக் கொண்டே இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கூலி பாக்கியைக் கேட்பதும் நம் கையில் உள்ளதே. தூக்கமும் பசியும் பல வாரம் கெட்டுப் போனாலோ, வாழ்வே வெறுத்தாலோ, டாக்டரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சங்கிலியோடு பிறந்து, ஊர் விட்டு ஊர் விரட்டப்பட்டு, ஊன்றிய காலும் சரியில்லாத ஒரு மனிதர் மனதைச் சுதந்திரமாக வைத்திருந்தார். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அவர் பாடம் பயன்படுகிறது.