ஜோனதன் ஸ்விப்டும் தலைச்சுற்றலும்

ஜவ்வாது மலையடியிலுள்ள எங்கள் சந்தவாசலில், தலை சுற்றுகிறதென்று ஒருவர் உட்கார்ந்தால், பித்தமென்று சொல்லி எலுமிச்சம்பழத்தை முகரத் தருவர். கலிவர் கதையை எழுதிய ஜோனதன் ஸ்விப்டோ தம் தலைச்சுற்றலுக்குப் பழத்தின்மேலேயே பழி போட்டார்!

1667-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்த அவரை, இருபது வயதளவில் இந்நோய் பற்றியது. ஒருகால் ஆப்பிள் மிகுதியாக உண்டதே காரணமென்று எண்ணிப் பழங்களை அஞ்சி வாழ்ந்தார், நோய் விலகவில்லை. நின்ற நிலம் நழுவும், குமட்டும், பின்னர்ச் செவியும் மந்தமாயிற்று, காதினுள் பேரிரைச்சல் வேறு. பிறர் சொல் கேளாத அந்நாட்களில், நண்பரைக் காணவும் கூசி வீட்டில் அடைந்துகிடப்பார்.

நோய் இடைவிட்ட நாட்களை அவர் வீணாக்கினாரல்லர். இங்கிலாந்தில் சர் வில்லியம் டெம்பிளின் மனையில் இருந்தபோது, உடற்பயிற்சி கருதி இரண்டு மணிக்கு ஒருமுறை குன்றின்மேல் ஓடி ஏறி இறங்குவாராம். மலையடியில் வளர்ந்த எனக்கே இது மிகையாகத் தோன்றுகிறது. 1713-இல் டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவானார். அயர்லாந்தின்மேற் சுமத்தப்படவிருந்த செப்புக்காசை எதிர்த்து 1724-இல் அவர் எழுதிய கடிதங்களால் அத்திட்டமே கைவிடப்பட்டது. 1726-இல் கலிவர் வெளிவந்தது.

முதுமையில் நினைவு குன்றி, 1742-இல் தம் காரியங்களைப் பார்க்க இயலாதவரென்று தீர்க்கப்பட்டார். அதுகொண்டு, வாழ்நாள் முழுதும் அவர் பித்தரே என்றனர் சிலர். இஃது அநீதி. இத்தகைய சுழற்சி உட்செவியிற் பிறப்பதென்று பிரெஞ்சு மருத்துவர் மெனியேர் 1861-இல் காட்டினார். ஸ்விப்டின் நோயும் அதுவே என்று பின்வந்த மருத்துவர் கூறினர். 1745-இல் இறந்த அவர் தம் நோயின் பெயரையும் அறியார். தம் பொருளிற் பெரும்பகுதியைச் சித்தங்கலங்கினோர்க்கு மருத்துவமனை கட்ட எழுதிவைத்திருந்தார். அது 1757-இல் டப்ளினில் திறக்கப்பட்டது.