சினிமா ராணி டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையார்

தமிழகத்தை விட்டுப் பல நூறு மைல் தொலைவில் குடியேறி வாழும் நமக்குத் தாய்மொழியோடுள்ள உறவு அறுபடாமல் காத்து வந்தவற்றுள் தமிழ்ப் படமும் ஒன்று. படத்தைக் கண்டு களிக்கின்றோம், நடித்தவரைப் புகழ்கின்றோம், பாட்டை வீட்டில் முணுமுணுக்கின்றோம். ஆயினும் அப்படத்திற்குப் பொருள் தேடியவர் யார், நட்டம் வந்தால் தாங்கியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அவ்வாறு பொருளையும் பெயரையும் பணயமாக வைத்து, தாமே முதலாளியாகவும் கதாசிரியராகவும் டைரக்டராகவும் நின்று படம் எடுத்த ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். அவர் பெயர் டி. பி. ராஜலக்ஷ்மி. முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி என்று அவரை அறிந்தோர் பலர். அவர் படமுதலாளியாகவும் இருந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. நம் எண்ணத்தில் இதுவே பெருஞ்செயல்.

தியாகராஜ சுவாமிகளின் சமாதியால் புனிதம் பெற்ற திருவையாற்றில், 1911-ஆம் ஆண்டில், ஓர் அந்தணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரியார்; தாயார் மீனாட்சி அம்மையார். காவிரிக் கரையில் பிறந்த குழந்தைக்குச் சங்கீதம் காதிலேயே வந்து சேர்வது வியப்பன்று. ஒரு முறை கேட்ட பாட்டைத் திரும்பப் பாடும் ஆற்றல் இளமையிலேயே அவருக்கு வாய்த்திருந்தது. ஆனால் அக்காலத்து வழக்கம் அக்குழந்தையை விட்டுவைக்கவில்லை. ஏழெட்டு வயதிலேயே மணம் முடித்தார்கள். அம்மணம் நிலைக்கவில்லை. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வாறு வாழ்வின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட சிறுமியர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று நெஞ்சம் கலங்குகின்றது. சிறிது காலத்தில் தந்தையாரும் மறைந்தார். தாயும் மகளும் பிழைப்பைத் தேடித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றனர்.

அந்நாளில் நாடக மேடை ஏறும் பெண்ணுக்குச் சமூகத்தில் மதிப்பில்லை. அதிலும் அந்தணக் குலத்துப் பெண் ஒருத்தி அரிதாரம் பூசுவது கற்பனைக்கும் எட்டாத செயல். ஆயினும் பசி, ஊராரின் பேச்சைக் கேட்டுக் கொண்டிராது. சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனியை நாடிச் சென்ற அச்சிறுமியின் குரலைக் கேட்டு, நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் ஊக்கமளித்தார். அவர் 1922-இல் மறைந்தார். எனவே பத்துப் பதினோரு வயதிலேயே ராஜலக்ஷ்மி மேடை ஏறிவிட்டார் எனலாம். பின்னர் பல கம்பெனிகளில் நடித்துப் பெயர் பெற்றார். மேடையிலிருந்து ஊமைப் படத்திற்குச் சென்று, ‘கோவலன்’ முதலிய சில படங்களில் தோன்றினார்.

1931-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து, பாரத நாட்டின் வெள்ளித்திரை வாய் திறந்தது. அதை எடுத்த இம்பீரியல் கம்பெனியின் அதிபர் அர்தேஷிர் இரானி, தென்னாட்டு மக்களுக்காகவும் ஒரு பேசும் படம் எடுக்க விரும்பி, எச். எம். ரெட்டியிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். அதுவே ‘காளிதாஸ்’. கதாநாயகி ராஜலக்ஷ்மி. இப்படம் ஒரு வேடிக்கையான கதம்பம். கதாநாயகி தமிழில் பேசுவார், கதாநாயகர் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் விடை பகர்வார். வேறு சிலர் இந்தியில் பேசுவர். பல மொழி பேசும் அண்டை வீட்டாரிடையே வாழும் நமக்கு இது ஒன்றும் புதிதன்று! காளிதாசன் கதையில் காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாட்டும் இடம் பெற்றது. கதைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை, மக்கள் ஆர்ப்பரித்தனர். 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. படப்பெட்டி சென்னை வந்து சேர்ந்தபோது, மக்கள் திரண்டு மலர் தூவி ஊர்வலமாக எடுத்துச் சென்றனர் என்பர்.

சென்னையில் அப்போது ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ கிடையாது. 1934-இல் ஏ. நாராயணன் தமது சீனிவாசா சினிடோனைத் தொடங்கும் வரை, தமிழ்ப் படம் எடுக்க விரும்புவோர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோதான் செல்ல வேண்டும். (அந்த நாராயணனின் துணைவியார் மீனா அம்மையாரே அங்கு ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் என்பதையும் நம் சகோதரிகள் அறிய வேண்டும்.) நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் இரயிலேறி, மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி, பாடியும் நடித்தும் திரும்பினர். 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ அவ்வாறு கல்கத்தாவில் உருவானதே. அதில் வள்ளியாக நடித்த ராஜலக்ஷ்மிக்குப் பெரும் புகழ் கிட்டியது. அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரம் அவர்களையே பின்னர் வாழ்க்கைத் துணைவராக ஏற்றார். எட்டு வயதில் பிறர் முடித்து வைத்த மணத்தால் துயருற்றவர், இம்முறை தம் விருப்பப்படியே மணந்தார்.

படங்கள் பல வந்தன, பணமும் வந்தது. ‘சினிமா ராணி’ என்று மக்கள் அழைத்தனர். இந்நிலையில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? நகையும் நிலமும் வாங்கி, ஊதியத்தை உயர்த்திக் கேட்டுக் கொண்டு சுகமாக இருந்திருப்பார். ராஜலக்ஷ்மி அம்மையாரோ ‘ராஜம் டாக்கீஸ்’ என்னும் பெயரில் சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலையே கதையாகக் கொண்டு, 1936-இல் ‘மிஸ் கமலா’ என்னும் படத்தை வெளியிட்டார். கதை அவருடையது, தயாரிப்பு அவருடையது, டைரக்‌ஷன் அவருடையது, கதாநாயகியும் அவரே. வட நாட்டில் பாத்மா பேகம் அம்மையார் 1926-இல் ஊமைப் படம் ஒன்றை இயக்கியிருந்தார். தென்னாட்டில் ஒரு பெண் படத்தை இயக்கியது இதுவே முதல் முறை.

அந்நாளில் படமுதலாளியின் வேலை எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். பிலிம் சுருள் முழுவதும் கடல் கடந்து வர வேண்டும். ஒவ்வோர் அடியும் காசு. பின்னணிப் பாட்டு என்னும் உபாயம் அப்போது தமிழ்ப் படத்திற்கு வரவில்லை. நடிப்பவரே காமிராவின் முன் பாட வேண்டும். ஒருவர் சுருதி தவறினால் சுருள் வீண். நடிகர், தொழிலாளர் அனைவருக்கும் ஊதியம் தர வேண்டும். விநியோகஸ்தரிடமும் கொட்டகைக்காரரிடமும் பேரம் பேச வேண்டும். இவர்கள் அனைவரும் ஆடவர். எதிரே அமர்ந்து கணக்குக் கேட்டவர் இருபத்தைந்து வயதே ஆன ஒரு பெண். மேலும், புராணக் கதையை எடுத்தால் போட்ட பணம் திரும்பும் என்று பலரும் நம்பிய காலத்தில், அவர் துணிந்து எடுத்ததோ ஒரு சமூகக் கதை. இளம் பெண்ணின் காதலையும் மணத்தையும் பற்றிய அக்கதையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை அவரது இளமையை அறிந்த நாம் எளிதில் உணரலாம்.

‘மதுரை வீரன்’ என்றால் நம்மில் பலருக்கும் 1956-இல் எம். ஜி. ஆர். நடித்து வெளிவந்த படமே நினைவுக்கு வரும். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அக்கதையைப் படமாக்கி இயக்கியவர் ராஜலக்ஷ்மி அம்மையார். இடையில், 1938-இல் வந்த ‘நந்தகுமா’ரில் யசோதையாகவும் நடித்தார். ‘இந்தியத் தாய்’ என்று அவர் எடுத்த படம் வெள்ளை அரசின் தணிக்கையில் சிக்கியது. பெரும் பொருள் கரைந்தது. தேசபக்திக்கு மேடையில் கைதட்டுவது எளிது. சொந்தச் சொத்தை அதற்காகச் செலவிட்டு, பின்னர் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எளிதன்று.

பிறந்தவுடன் பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையையும் அவர் வெறுத்தார். அவ்வாறு மாள இருந்த ஒரு குழந்தையைத் தாமே எடுத்து வளர்த்தார். இதைப் படத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கவில்லை, வீட்டில் செய்தார்.

அவரைத் தவிர வேறு பெண்களும் இத்துறைக்கு வந்தனர். பம்பாயில் ஜத்தன் பாய் சொந்தமாகப் படமெடுத்தார்; 1940-இல் கணவர் ஹிமான்ஷு ராய் மறைந்த பின் தேவிகா ராணி பம்பாய் டாக்கீஸைத் தாமே நடத்தினார்; சென்னையில் பி. பானுமதி பரணி பிக்சர்ஸ் சார்பில் 1953-இல் ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கினார். இவர்களுக்குப் படிப்போ, செல்வமோ, துணையோ ஓரளவு கைகொடுத்தது. திருவையாற்றுச் சிறுமிக்கு இருந்தது குரல் ஒன்றே.

பிற்காலத்தில் வாய்ப்புகள் குறைந்தன, செல்வமும் குறைந்தது. புதிய முகங்களும் பின்னணிக் குரல்களும் வந்தபின், பாடி நடித்த பழைய தலைமுறையைத் திரையுலகம் மெல்ல மறந்தது. 1961-இல் கலைமாமணி விருது அவரைத் தேடி வந்தது. 1964-ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். அப்போது வயது ஐம்பத்து மூன்றுகூட நிரம்பவில்லை. ‘காளிதாஸ்’ படச்சுருள் இன்று இல்லை. ‘மிஸ் கமலா’வும் இல்லை. கொட்டகை வாயிலில் அணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் அக்காலப் படங்களுக்கு உண்டு. நம் உறுப்பினர் எவர் வீட்டுப் பரணிலேனும் அம்மையாரின் படத்திற்குரிய புத்தகம் ஒன்று இருக்குமாயின், அதை நம் சங்க நூலகத்திற்கு அளிக்குமாறு வேண்டுகின்றோம்.