தந்தையார் சிந்திய கண்ணீர்

மக்களை நல்வழிப்படுத்த வேண்டுமென்னும் கவலை பெற்றோர் யாவர்க்கும் உண்டு. அதன்பொருட்டு உபதேசங்கள் பல செய்கின்றோம். சிலவேளை பிரம்பையும் எடுக்கின்றோம். ஆயினும், சிறார் நம் வாய்மொழியைக் காட்டினும் நம் நடக்கையையே உற்று நோக்குகின்றனர் என்பதை மறந்துவிடுகின்றோம். இவ்வுண்மைக்கு மகாத்மா காந்தியடிகளின் இளம்பருவ வரலாறு தக்கதோர் சான்றாகும்.

அடிகள் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரைச் சேர்ந்த போர்பந்தரில், வைசிய குலத்தில் தோன்றினார். தந்தையார் கரம்சந்த் காந்தி, போர்பந்தரிலும் பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாக விளங்கியவர். அன்னையார் புத்லிபாய் விரதந் தவறாதவர். ஒரு மழைக்காலத்தில், சூரியனைக் கண்டாலன்றி உணவருந்துவதில்லையென அவர் நோன்பு பூண்டார். பிள்ளைகள் வானத்தை நோக்கிக் காத்து நிற்பர். கதிரவன் தோன்றியதும் ஓடி அன்னையை அழைப்பர். அவர் வருமுன் மேகம் மூடிவிடும். அவரோ முகம் வாடாது, அன்று உண்ணாதிருப்பதே இறைவன் திருவுளமெனக் கொண்டு வீட்டு வேலைக்குத் திரும்புவார். கொண்ட விரதத்தைக் காத்தல் யாதென்று அம்மைந்தர்க்கு வேறெவரும் விளக்க வேண்டுவதில்லாமற் போயிற்று.

ஆயின், பெரியோர் செய்வதெல்லாம் பிள்ளைகட்குச் சரியெனத் தோன்றிவிடுமோ? அவ்வீட்டில் கழிப்பிடம் சுத்தஞ்செய்ய வந்த ஊகா என்பவரைத் தீண்ட நேர்ந்தால் குளிக்க வேண்டுமென்பது பெற்றோர் கட்டளை. பன்னிரண்டு பிராயம் நிரம்பாத அடிகள் அதற்குக் கீழ்ப்படிந்தார். எனினும் அது தருமமன்றென்று அவர்களோடு வாதாடினார். பள்ளியிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. சோதனைக்கு வந்த ஜைல்ஸ் என்னும் துரை ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ஒன்றை அடிகள் பிழைபட எழுதினார். உபாத்தியாயர் தம் பாதரட்சையின் முனையால் தொட்டு, அடுத்த மாணவன் பலகையைப் பார்த்தெழுதுமாறு குறிப்புக் காட்டினார். காப்பியடிப்பதைத் தடுக்கவே உபாத்தியாயர் இருக்கின்றார் என்று எண்ணியிருந்த மாணவர்க்கு அக்குறிப்பு விளங்கவேயில்லை. பிற்பாடு அதனை அறிந்தபோதும் அவர்மீது மரியாதை குறையவில்லை. ஆயினும் அவர் காட்டிய வழியை மேற்கொள்ளவில்லை.

பதினைந்தாம் பிராயத்தில் பெருஞ்சோதனை வந்தது. தமையனார் ஒருவர்க்கு இருபத்தைந்து ரூபாயளவு கடன் நேர, அவர் கையிலிருந்த பொற்காப்பில் ஒரு சிறு துண்டை அடிகள் வெட்டியெடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தக்க தண்டனை வேண்டி, தம் பிழைக்காகத் தந்தையார் தம்மையே வருத்திக்கொள்ளலாகாதென்றும் மன்றாடி ஒரு கடிதம் எழுதினார். நோயுற்று மரப்பலகையிற் படுத்திருந்த தந்தையாரிடம் நடுங்கிய கையால் அதனைக் கொடுத்து எதிரே அமர்ந்தார். தந்தையார் எழுந்திருந்து படித்தார். கண்ணீர் பெருகிக் கடிதத்தை நனைத்தது. சற்றே கண்மூடிச் சிந்தித்து, அதனைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். வைதாரில்லை, தலையில் அடித்துக்கொண்டாருமில்லை. அகிம்சையின் ஆற்றலைத் தமக்குக் கண்கூடாகக் காட்டிய நிகழ்ச்சி இதுவேயென அடிகள் பின்னர்ச் சுயசரிதையில் கருதினார்.

அக்கண்ணீர் வீண்போகவில்லை. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள், 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கின் அருகே டால்ஸ்டாய் பண்ணையை நிறுவி, தமிழ்ச் சிறார் உள்ளிட்ட பலர்க்கும் தாமே ஆசிரியராயினார். ஒருநாள் அடங்காத மாணவன் ஒருவனைக் கோலால் அடித்துவிட்டார். அடித்தவர் உடலே நடுங்கிற்று. அதன்பின் அவர் எந்த மாணவரையும் அடித்ததில்லை. பின்னர் பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கந் தவறியபோது, அக்குற்றத்தில் காப்பாளராகிய தமக்கும் பங்குண்டெனக் கருதி ஏழு நாள் உண்ணா நோன்பு நோற்றார். நாலரை மாதம் ஒருவேளை உணவே கொண்டார். தந்தையாரின் கண்ணீர் மகனிடத்தே நோன்பாக மலர்ந்தது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிழை செய்யாத பிள்ளை இராது. பிழையை ஒளிக்கவோ உரைக்கவோ பிள்ளை துணிவது, உரைத்தபோது நாம் எவ்வாறு நடந்துகொள்வோம் என்பதைப் பொறுத்தது. ஏவலரிடமும் ஏழையரிடமும் நாம் பழகும் முறையையும் அப்பிள்ளை கண்டுகொண்டேயிருக்கின்றது. ஆதலின் தாய்மார்களும் தந்தைமார்களும் பிள்ளைகளைத் திருத்தப் புகுமுன் தம் நடக்கையைச் செவ்விதாக்கிக்கொள்வார்களாக.