இரகசியம் காத்த மேதை ஆலன் டூரிங்

செங்கற்பட்டில் வாழும் நாம் நம் ஊரின் பழைய கோட்டையை நன்கு அறிவோம். மதில் எத்துணை வலியதாயினும், வாயிற்காவலன் கண்ணயர்ந்தால் பகைவன் உள்ளே புகுவது எளிதன்றோ! இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் இன்று கணிப்பொறி நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் அக்காமார் பலர் அங்கே பணிபுரிகின்றனர். அக்கணிப்பொறியியலுக்கு வித்திட்டவர்களுள் தலைசிறந்தவரான ஆலன் டூரிங்கின் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

இம்மேதையின் குடும்பத்துக்கும் தமிழகத்துக்கும் உறவு உண்டு. தாயார் எதெல் சாரா ஸ்டோனி 1881-ல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தை ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தமையனார் ஜான் குன்னூரில் பிறந்தார். ஆலன் 1912 ஜூன் 23-ல் இலண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் பணியாற்றிய காலத்தில், பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஆலன், 1936-ல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் கட்டளைகளின்படி கணக்கிடும் இயந்திரம் ஒன்றைக் கற்பனையில் படைத்தார். இன்றைய கணிப்பொறிக் கொள்கைக்கு அதுவே அடித்தளம்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆலன் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் பகைவரின் இரகசியச் செய்திகளை ஆராயும் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியர் எனிக்மா என்னும் பொறியால் செய்திகளை மறைத்து அனுப்பினர். அதனை அமைக்கக்கூடிய வழிகளோ, 159-க்குப் பின் 18 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கைக்கு நெருங்கியவை! அமைப்பும் நாள்தோறும் மாறும். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932-லேயே இதில் வழி கண்டிருந்தனர். அவ்வழியைத் தொடர்ந்து, ஆலன் பாம் என்னும் பொறியை வடிவமைத்தார். அது 1940-ல் இயங்கத் தொடங்கியது.

இத்தனை வலிய பூட்டு எவ்வாறு திறந்தது? பொறியிலும் ஒரு குறை இருந்தது: எந்த எழுத்தும் தானாகவே மாறி வராது. ஆனால் மனிதரின் கவனக்குறைவே பேருதவி புரிந்தது. சிலர் நாள்தோறும் வானிலைச் செய்தியை ஒரே சொற்களால் எழுதினர். சிலர் எளிதில் ஊகிக்கத்தக்க எழுத்துகளையே திறவுகோலாகக் கொண்டனர். மதில் வலியது, காவலன் அயர்ந்தான்!

பிளெட்ச்லி பார்க்கில் பணிபுரிந்தோருள் முக்கால் பங்கினர் பெண்கள் என்பது நமக்குப் பெருமை தருவது. ஜோன் கிளார்க் என்னும் கணித மேதை ஆலனுடன் தோளோடு தோள் நின்று உழைத்தார். அங்கு நடந்ததை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர்கள் பெற்றோரிடமும் கூறவில்லை. ஆலனின் தாயார் 1959-ல் மகனின் வரலாற்றை எழுதியபோதும், அப்போர்ப் பணியின் முழு விவரம் அவருக்குத் தெரியாது.

நாட்டின் இரகசியம் காத்தவரின் அந்தரங்கத்தை நாடு காக்கவில்லை என்பதுதான் வேதனை. 1952-ல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிப் புகார் செய்யச் சென்றார். விசாரணையில் அவரது தனிவாழ்வு வெளிப்பட்டது. அக்காலச் சட்டம் குற்றமென்ற ஒருபால் உறவுக்காகத் தண்டிக்கப்பட்டார். இரகசியப் பணியில் மீண்டும் பங்குபெறும் உரிமையையும் இழந்தார். 1954 ஜூன் 7-ல், தமது 41-ஆம் வயதில் மறைந்தார். பிரிட்டிஷ் அரசு 2009-ல் மன்னிப்புக் கோரியது; 2013-ல் அரசியார் அவருக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுன் நோட்டில் அவர் உருவம் இடம்பெற்றது. காலங்கடந்த பெருமை அவருக்கு என்ன பயன் தரும்?

தோழியரே, இவ்வாழ்வு நமக்கு இரு பாடங்களைப் புகட்டுகின்றது. நம் பெயரையும் பிறந்த நாளையும் கடவுச்சொல்லாக வைப்பது, வானிலைச் செய்தியைத் தினமும் ஒன்றுபோல் எழுதியவரின் பிழையே ஆகும். ஒவ்வொரு கணக்குக்கும் நீண்ட, வெவ்வேறான கடவுச்சொல் வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறுபவரிடமும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாகாது. பணம் பறிபோனால் நாணி மறைக்காமல், பெற்றோரிடம் கூறி உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். இது முதற்பாடம்.

பிறர் அந்தரங்கத்தை மதித்தல் இரண்டாம் பாடம். ஒரு தோழியின் படத்தையோ செய்தியையோ அவள் அனுமதியின்றி அனுப்புதல், அவள் வாழ்வையே குலைத்துவிடலாம். நம்முடையதை விழிப்போடு காப்போம். பிறருடையதை அன்போடு காப்போம். அம்மேதைக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.