பசியை அளந்த அறிஞர்

ஸ்காட்லாந்தின் கில்மார்ஸ் என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஜான் பாய்டு ஆர் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், அந்நகரில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் ஆசிரியரானார். அங்கே பசியால் வாடி மெலிந்த சிறுவர்களையே வகுப்பறையில் கண்டார். பட்டினியாய் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் பாடம் பதியாது என்பதை உணர்ந்து, சில நாள்களிலேயே அப்பணியைத் துறந்தார். வேறொரு பள்ளியில் சில ஆண்டுகள் கற்பித்த பின்னர், மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து அறிவியலும் மருத்துவமும் பயின்றார்.

1914இல் அபர்டீன் நகரில் உணவூட்ட ஆய்வைத் தொடங்கினார். முதல் உலகப்போர் குறுக்கிடவே, படை மருத்துவராகப் பணியாற்றி வீரப்பதக்கங்கள் பெற்றுத் திரும்பினார்; ரோவெட் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கி வளர்த்தார்.

ஏழைக் குழந்தைகளின் குறைவளர்ச்சிக்குப் பரம்பரையே காரணம் எனக் கருதியோர் அந்நாளில் இருந்தனர். ஆர் அக்கருத்தைச் சோதிக்க முனைந்தார். 1920களின் பிற்பகுதியில், ஸ்காட்லாந்து நகரங்கள் சிலவற்றிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் பள்ளிப் பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார். முதற்குழுவினர்க்கு முழுப்பாலும், இரண்டாம் குழுவினர்க்குக் கொழுப்பு நீக்கிய பாலும், மூன்றாம் குழுவினர்க்கு ஈடான ஆற்றல் தரும் பிஸ்கட்டும் நாள்தோறும் வழங்கப்பட்டன. நான்காம் குழுவினர் வழக்கமான உணவையே உண்டனர். அனைவரின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. பால் அருந்தியோரின் வளர்ச்சி, பிறரைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்திருந்தது. கொழுப்பு நீக்கிய பாலும் அப்பயனைத் தந்தது, பிஸ்கட் தரவில்லை. எனவே, வயிறு நிறைவது மட்டும் போதாது, வளர்ச்சிக்குரிய சத்துகளும் உணவில் வேண்டும் என்பது புலனாயிற்று.

இத்தகைய சான்றுகளின் துணையால், 1934இல் பிரிட்டனின் பள்ளிகளில் குறைந்த விலையில் பால் வழங்கும் சட்டம் பிறந்தது. 1946 முதல் அது இலவசமாயிற்று. இதற்கிடையே 1936இல், நாட்டு மக்களுள் பாதிப்பேர் முழு நலத்திற்குரிய உணவை வாங்க இயலாத நிலையில் உள்ளனர் என்று தம் ஆய்வின்வழி வெளிப்படுத்தினார். ஆட்சியாளர்க்கு அது உவப்பாக இல்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டைத் திட்டமிட்டபோது, அவ்வாய்வு பயன்பட்டது.

1945இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் முதல் தலைமை இயக்குநரானார். 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, அத்தொகையை உலக அமைதிப் பணிக்கே வழங்கினார். 1971ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் மறைந்தார். வகுப்பறையில் கண்ட துயரை இரக்கத்தோடு விட்டுவிடாமல், அளந்து ஆராய்ந்து சட்டமாக்கத் துணைநின்ற அவர்தம் வாழ்வு, அறிவும் அருளும் இணைந்து செயற்படும் நெறியை நமக்குக் காட்டுகிறது.